சீட்டை யாரும் நகர்த்தக்கூடாது

என் வீட்டுக்காரர் கார் விற்கிறவர். உடனே தேன் ஒழுகப் பேசி ஆளை மடக்குகிற ஒருவரை மனதில் வரைந்துகொள்ளாதீர்கள். இவர் அந்த ரகம் இல்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன். "இதுல பின்சீட்டுல மூணு பேர் உட்கார்ந்தா நடுவுல இருக்கறவருக்கு இடுப்பு கழண்டுடும் சார்" என்று, தான் விற்க வேண்டிய காரைப் பற்றி வாங்க வந்தவரிடமே சொல்லுவார். ஷோரூம் மேனேஜர் கண்ணாடி அறைக்குள் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அப்படி எழுந்து போனவர் கொஞ்ச நாள் கழித்து மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்து, "அந்த உயரமான சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார். அதனால் மேனேஜரால் இவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான். பொய் சொன்ன வாயால் ஜெபம் வராதாம்.

ஜெபம் என்றது சும்மா இல்லை. இவர் விற்கிற ஒவ்வொரு காருக்கும் ஜெபம் உண்டு. சாவியைக் கொடுக்கும் நாளில், படம் எடுத்து, கை குலுக்கி எல்லாம் முடிந்த பிறகு, வாங்கியவர் பக்கம் திரும்பி, "நான் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணலாமா? உங்களுக்கு வேண்டாம்னா மனசுக்குள்ள பண்ணிக்கறேன்" என்பார். எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் இதுவரை வேண்டாம் என்றவர் இல்லை. நல்ல வார்த்தை சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? ஒரே ஒரு கடை முதலாளி மட்டும், "ஜெபத்துக்குத் தனியா சார்ஜ் போடுவீங்களா?" என்று கேட்டாராம். "இல்ல சார், அது கம்பெனி கொடுக்கறது இல்ல, மேல இருந்து வர்றது" என்று இவர் சொல்ல, அந்த முதலாளி சிரித்துவிட்டு முதல் ஆளாகக் கண்ணை மூடிக்கொண்டாராம். பானட்டில் உள்ளங்கையை வைத்து இவர் சொல்லுவது சின்ன ஜெபம். எனக்கே மனப்பாடம். "ஆண்டவரே, இந்த வண்டி எங்கே போனாலும் பத்திரமா வீடு திரும்பணும். ஆமென்." அவ்வளவுதான். ஷோரூமில் இவருக்குப் பெயர் போதகர். மதிக்கிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கிண்டல் பண்ணுகிறவர்களும் அப்படித்தான்.

நானும் சபைக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் என்னுடையது ஞாயிற்றுக்கிழமை பக்தி. இவருடையது அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் வேலை போய், வாடகை வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்திலேயே, காலையில் கட்டில் ஓரமாக முழங்காலில் நிற்பார். எழுந்திருக்கும்போது முகம் தெளிந்திருக்கும். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை, இவர் முகத்தில் மட்டும் எப்படி இந்த வெளிச்சம் என்று. மற்றவர்களுக்குப் பேன்ட் உட்காரும் இடத்தில் தேயும். இவருக்கு முதலில் முழங்காலில்தான் கிழியும். ஒட்டுப்போட்டுத் தருகிற தையல்காரர், "என்னம்மா, சார் தவழ்ந்துதான் வேலைக்குப் போறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

இன்னொரு பழக்கம் சொல்ல வேண்டும். எந்தக் காரில் ஏறினாலும் முதலில் சீட், அப்புறம் பின்னால் பார்க்கிற கண்ணாடி, அப்புறம் பெல்ட். ஒரு நாளைக்கு எத்தனை காரில் ஏறி இறங்குகிறாரோ அத்தனை தடவையும். ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டகம் மாதிரி கால். கதவைத் திறந்து உட்காரும்போதே இடது கை சீட்டுக்கு அடியில் போய் அந்தக் கம்பியைத் தூக்கி சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிடும். வலது கை கண்ணாடியைத் திருப்பும். பேச்சை நிறுத்தாமலேயே இரண்டும் நடக்கும். வாங்குகிறவர்களுக்கும் இவரே சீட் வைத்துக் கொடுப்பார். திறந்த கதவுக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து, "கையை நீட்டுங்க, மணிக்கட்டு ஸ்டியரிங் மேல படணும். முட்டி லேசா மடங்கணும்" என்று சீட்டை அதன் தண்டவாளத்தில் ஒவ்வொரு பல்லாக நகர்த்துவார். பிறகு பின்சீட்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடியைத் திருப்புங்க. என் முகம் தெரியுதா?" என்பார். தெரிகிறது என்றால்தான் அடுத்த வேலை.

எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். சுண்டெலி அளவுக்குப் பிறந்தாள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. என் உயரம், என் மூக்கு, அப்பாவின் பிடிவாதம். கண்ணாடிக்கடை ஒன்றில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்துச் சொல்லுகிற வேலை. சம்பளம் சேர்த்து ஒரு கார் வாங்கப் போகிறேன், அதுவும் அப்பாவிடம்தான் வாங்குவேன் என்றாள். சின்ன நீல நிறக் கார். இந்த மனுஷனுக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. பெற்ற மகளை ஷோரூமில் எல்லாருக்கும் நடுவில் மேடம், மேடம் என்றே கூப்பிட்டார். "மேடம், இந்தக் கார்ல பின்னாடி பெட்டி வைக்க இடம் கம்மி" என்று அவளிடமும் குறை சொல்லாமல் விடவில்லை. முழங்காலில் உட்கார்ந்து சீட் வைத்தார். சீட் கிட்டத்தட்ட கடைசி வரை முன்னால் வந்தது. பின்சீட்டுக்குப் போய், "மேடம், என் முகம் தெரியுதா?" என்றார்.

"மூக்கு மட்டும்தான் தெரியுது சார். அதுவே கண்ணாடி பூரா இருக்கு" என்றாள் சுண்டு.

ஷோரூமே சிரித்தது. மேனேஜர்கூட. அப்புறம் இவர் பானட்டில் கை வைத்தார். வழக்கமான ஜெபம்தான். "ஆண்டவரே, இந்த வண்டி எங்கே போனாலும் பத்திரமா வீடு திரும்பணும்."

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மதியம் கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலை வலிக்கிறது என்றிருக்கிறாள். ஓட்ட முடியாது என்று அவளே சொன்னதால், கூட வேலை பார்க்கிறவள் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் நினைவு போய்விட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அந்தக் கண் பிறகு திறக்கவே இல்லை. ஊர்க்கண்ணையெல்லாம் பார்த்துக் கண்ணாடி கொடுத்தவள் கடைசியாக எங்களைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அடக்கத்தன்று இவர் அழவில்லை. நான் மண்ணில் விழுந்து புரண்டேன், இவர் நெடுமரம் மாதிரி நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார். கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டும் திட்டியிருப்பேன்.

கார் கண்ணாடிக்கடைக்குப் பின்னால் அப்படியே நின்றது. எடுத்துக்கொண்டு வர இவர் ஷோரூமின் இழுவை லாரியோடு போனார். சாவி கையில் இருக்கிறது, நன்றாக ஓடுகிற வண்டி, அதை எதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. லாரி எங்கள் குடியிருப்பு வாசலில் வந்து நின்றதும், டிரைவர் இறக்கி வைப்பதற்காகக் காரின் கதவில் கை வைத்தான். இவர் போட்ட சத்தத்தில் நானே பதறிப்போனேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"உள்ள ஏறாதீங்க. சீட்டை யாரும் நகர்த்தக்கூடாது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவள் உட்கார்ந்த தூரம், அவள் பார்த்த கண்ணாடி, எல்லாம் அவள் விட்டுப் போனபடியே உள்ளே இருக்கிறது. உடுப்பைத் துவைத்துவிட்டோம், படுக்கையை உதறிவிட்டோம், அவள் குடித்த டம்ளரை யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். அவள் கை கடைசியாக வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பது அது ஒன்றுதான். வண்டியை அப்படியே சரித்து இறக்கினார்கள். சக்கரம் எங்கே நின்றதோ அதுதான் அதற்கு இடம் ஆனது. வாசல் கேட் தாண்டி உள்ளே திரும்புகிற வளைவு அது. மற்ற வண்டிகள் எல்லாம் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். குடியிருப்புச் செயலாளர் ஒரு தடவை, கொஞ்சம் நகர்த்தக்கூடாதா என்று கேட்டு வந்தார். நான் பேசிய பேச்சில் இரண்டு படி தாண்டி இறங்கிப் போனவர்தான், மறுபடி வரவில்லை.

சாயங்காலம் நான் கீழே போவேன். ஓட்டுகிற பக்கம் தொடமாட்டேன். அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்காருவேன். கியர் கம்பியில் அவளுடைய முடி ரப்பர் மாட்டியிருக்கும். ஓட்டுகிற பக்கத்துக் காலடியில் கறுப்பு ரப்பர் மேட்டில், அவள் குதிகால் ஊன்றி ஊன்றிச் சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவளோடு எங்கேயோ போகிற மாதிரி இருக்கும். இவர் உள்ளே உட்காரவே மாட்டார். பானட்டைத் திறந்து பேட்டரிக்குச் சார்ஜ் போடுவார், சக்கரத்துக்குக் காற்று அடிப்பார், வெளிக்கண்ணாடியைத் துடைப்பார். எப்போதாவது நகர்த்த வேண்டி வந்தால் உட்காராமலே நகர்த்திவிடலாம், ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினால் போதும் என்று என்னிடம் செய்தும் காட்டியிருக்கிறார்.

அடக்கம் முடிந்த மறுவாரமே இவர் வேலைக்குப் போய்விட்டார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஷோரூமில் மறுபடியும் பானட்டில் கை வைத்து ஜெபம் பண்ணுகிறார் என்று கேள்விப்பட்டபோதுதான் பொறுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது கேட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரார் வண்டிக்கெல்லாம் ஜெபம் பண்ணுகிறீர்கள், நம் பிள்ளைக்குப் பலித்ததா என்று.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நமக்குக் கிடைக்கலைங்கறதுக்காக அவங்களுக்குக் கேட்காம இருக்க முடியுமா? அவங்க வீட்டுலயும் யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல."

நான் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கோபத்தை வைக்க இடம் தெரியாமல் அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். நான் சபைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். அவர் ஜெபம் பண்ணினால் ஆமென் சொல்வதையும் நிறுத்தியிருந்தேன். அவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் கட்டில் ஓரம் முழங்காலில் நிற்பார், எழுந்து போவார். இந்த மனுஷனை விழாமல் எது நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் அப்படி ஒன்று இல்லை. எனக்கு இருந்தது அந்தக் கார்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல மழை. இவர் சபைக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டையோடு நின்றார். மாடி வீட்டில் கூச்சல் கேட்டது. அங்கே இருக்கிற ரிட்டயர்டு வாத்தியாருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் வளைவில் திரும்ப முடியவில்லை. சுண்டுவின் கார் நிற்கிறது. ஆம்புலன்ஸ்காரர் ஹாரனில் கையை எடுக்காமல் அழுத்துகிறார். யார் வண்டி, யார் வண்டி என்று கீழே நாலு பேர் கத்துகிறார்கள். வாத்தியாரின் மனைவி நனைந்தபடி எங்கள் வீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். இவர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினார்.

நான் பால்கனியில் நின்று பார்த்தேன். ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். விளக்கு எரிந்து, வண்டி பின்னால் வந்து, சுவர் ஓரமாக அழகாக ஒதுங்கி நின்றது. ஆம்புலன்ஸ் உள்ளே போனது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த மனுஷன் வண்டி எடுக்கிற நேர்த்தியைச் சொல்ல வேண்டுமா.

ஆறடி ஆள். சுண்டுவின் சீட்டில் அவர் கால் எப்படி நுழைந்தது?

மழையில் செருப்பில்லாமல் இறங்கிப் போனேன். அவர் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். முகத்தில் சந்தோஷம். "ஏத்திட்டாங்கம்மா. ஆண்டவர் காப்பாத்திடுவார்" என்றார். நான் சீட்டையே பார்த்தேன். அவரும் என் கண் போன இடத்தைப் பார்த்தார். நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, அது வேறு யாருடையதோ என்கிற மாதிரி பார்த்தார். சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது. கண்ணாடியும் திரும்பியிருந்தது.

"கை தானா போயிடுச்சு" என்றார்.

நான் அன்றைக்குப் பேசியதில் பாதி எனக்கே நினைவில்லை. வாத்தியார் வீட்டுக்காரர்கள் காதில் விழுந்திருக்கும், ஆம்புலன்ஸ்காரர் காதிலும் விழுந்திருக்கும். தள்ளியிருக்கலாமே, நீங்கள்தானே செய்து காட்டினீர்கள் என்றேன். யாரும் தொடக்கூடாது என்று கத்தின வாய்தானே இது என்றேன். அதெல்லாம் பரவாயில்லை. கடைசியில் சொன்னதுதான் நினைவில் நிற்கிறது.

"நீங்க வண்டிக்குத்தான் ஜெபம் பண்ணீங்க. வண்டி பத்திரமா வீட்டுக்கு வந்துடுச்சு. என் பிள்ளைக்குப் பண்ணலையே."

அவர் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. மழைத்தண்ணீர் ஜன்னல் வழியாக அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது. அவர் அன்றைக்குச் சபைக்குப் போகவில்லை.

பழையபடி வைத்துவிடலாம் என்று யாரும் நினைக்கலாம். ஷோரூமில் இவர் வைத்துக் கொடுத்ததை அவள் பிறகு தன் வசதிக்கு மாற்றிக்கொண்டாள். எந்தப் பல்லில் இருந்தது என்று யார் கண்டார்கள்? வீட்டில் உள்ள எல்லாப் படத்தையும் தேடினேன். அவள் காருக்கு முன்னால் நிற்கிறாள், பின்னால் நிற்கிறாள், கதவில் சாய்ந்து நாக்கைத் துருத்துகிறாள். சீட்டை யார் படம் எடுப்பார்கள்? தினமும் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். எனக்கே தெரியவில்லை. முன்னால் இருந்தது என்று தெரியும், எவ்வளவு முன்னால் என்று தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா அது? அந்தக் கேவலமும் சேர்ந்து கோபமாகத்தான் வந்தது. வீட்டில் பேச்சு நின்றது. தட்டு வைப்பேன், சாப்பிடுவார். நான் கீழே போவதையும் விட்டுவிட்டேன்.

வாத்தியார் பிழைத்து வீடு வந்தார். அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரர் வண்டியை எடுக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து அழுதாள். எனக்குச் சந்தோஷப்பட வரவில்லை. அதற்காக நானே என்னைக் காறித் துப்பிக்கொண்டேன். ஆனாலும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மேனேஜரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. எப்போதும் எகத்தாளமாகப் பேசுகிற ஆள், அன்றைக்குத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அம்மா, போதகருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? ஒரு குடும்பம் சாவி வாங்க வந்தாங்க. அவரோட ஜெபத்துக்காகவே தேடி வந்தவங்க. பானட்ல கையை வெச்சார். நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நிற்கறோம். சத்தமே வரலை. கண்ணைத் திறந்து பார்த்தா கையை எடுத்துட்டுப் பின்பக்கம் போயிட்டார். கார் கழுவற இடத்துல சுவரைப் பார்த்துக்கிட்டு நிற்கறார்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கட்டில் ஓரத்தில் அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவும் இல்லை. காலையில் எழுந்து நேராகக் குளிக்கப் போய்விடுகிறார். வேலை போனபோது விடாதவர், மகளைப் புதைத்த மறுநாள்கூட விடாதவர், இப்போது விட்டிருக்கிறார். சீட்டை அவர் நகர்த்தினார், சரி. இதை நகர்த்தினது நான். அந்த ஆள் மட்டும் சாய்ந்துவிட்டால் இந்த வீட்டில் பிடித்துக்கொள்ள வேறு சுவர் கிடையாது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க. கீழே வாங்க. சீட்டை வைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எங்களுக்குள் எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. எந்தப் பல்லு என்று தெரியாதே என்றார். நான் அவள் உயரம்தானே, என்னை உட்கார வைத்து வையுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் ஓட்டுகிற சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவர் எத்தனையோ தடவை கற்றுக்கொடுக்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார், உங்கள் நீளத்துக்குச் செய்த சாமான் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

கதவைத் திறந்தார். உட்கார்ந்தேன். ஸ்டியரிங் எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவர் சிமென்ட் தரையில், ஒட்டுப்போட்ட முழங்கால்களை ஊன்றி உட்கார்ந்தார். கை சீட்டுக்கு அடியில் போனது. இந்தத் தடவை அது தானாகப் போகவில்லை. துழாவிக்கொண்டு போனது.

"கையை நீட்டு. மணிக்கட்டு மேல படணும்."

நீட்டினேன். சீட் முன்னால் வந்தது. டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக. மணிக்கட்டு பட்டது. முட்டி மடங்கியது. அவர் கணக்குப்படி சரி. ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. குதிகாலால் மேட்டைத் தடவினேன். அவளுடைய குழி அகப்படவில்லை. இன்னும் ஒன்று முன்னால் என்றேன். முட்டி இடித்தது. குழி இன்னும் தள்ளி இருந்தது. ஒன்று பின்னால் என்றேன். இல்லை. என் கால் வீங்கின கால், அவளுடையது குச்சிக் கால். நான் வெறுங்காலோடு இருந்தேன், அவள் குதி உயர்ந்த ஷூ போட்டவள். உயரம் ஒன்றாக இருந்தால் போதுமா? அவள் எப்படிச் சாய்ந்தாள், காலை எப்படி வைத்தாள், அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? எத்தனை பல் நகர்த்தினாலும் என் குதிகால் அந்தக் குழியில் விழாது என்று எனக்குத் தெரிந்துபோனது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாயங்கால வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அடக்கத்துக்குப் பிறகு நான் அந்த முகத்தை ஊன்றிப் பார்க்கவே இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது. கல்லுளிமங்கன் என்று நினைத்தேனே, என் கண்ணைத்தான் சுண்டு பரிசோதித்திருக்க வேண்டும்.

"இப்படித்தான் வெச்சிருந்தாளா?" என்று கேட்டார்.

"இதேதான்" என்றேன். "இப்படித்தான் இருந்துச்சு."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. தலை குனிந்து என் காலைப் பார்த்தார். குதிகால் ஓரிடத்தில், குழி ஓரிடத்தில். வாழ்நாள் முழுக்க மனிதர்களைச் சீட்டில் பொருத்திப் பார்த்த கண், அதற்குத் தெரியாமல் போகுமா? அந்தக் குழியையே பார்த்தார். பிறகு ஒரு விரலால் அதைத் தொட்டார்.

எழுந்து பின்சீட்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினேன்.

"என் முகம் தெரியுதா?"

மூக்கு மட்டும்தான் தெரியுது சார் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது அவளுடையது. கண்ணாடிக்குள் அந்த முகம் முழுதாகத் தெரிந்தது. அது அழுதுகொண்டிருந்தது. குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல்.

"தெரியுதுங்க" என்றேன்.

அவர் கையை நீட்டி என் சீட்டின் முதுகில் வைத்தார். உள்ளங்கையின் சூடு துணியைத் தாண்டி என் தோளில் பட்டது. இரண்டு தடவை வாயைத் திறந்தார். மூன்றாவது தடவை குரல் வந்தது.

"ஆண்டவரே, சீட்டைத் திரும்பக் கொடுத்தீங்க. அவ வெச்ச மாதிரியே கொடுத்தீங்க. உமக்கு நன்றி."

பொய் சொன்ன வாயால் ஜெபம் வராது என்று சொன்னவர். வாங்க வந்தவரிடம் ஒரு சின்னக் குறையைக்கூட மறைக்கத் தெரியாதவர். தெரிந்தே சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக ஆண்டவரிடமே சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் எதை நிறுத்தியிருந்தேனோ அதற்காகத்தான் காத்திருந்தார்.

"ஆமென்" என்றேன்.

பொய்க்கு ஆமென் சொல்வது பாவம் என்றால் அது என் தலையில் விழட்டும். அந்த மனுஷன் சுமந்தது போதும்.